வாய்க்காரி தெர்சா

தெர்சா ஆர்மராடுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 'ஹெல்டன் ஹெரால்டு' பத்திரிகை அவளுக்கு மூன்று பல்தான் போட்டது.

முதல் பக்கத்தில் கால் பக்கத்துக்குக் கேலிப்படம். படத்தில் பாதி வாய். அந்த வாய்க்குள் மூன்று பல், நீட்டிய நாக்கு, வாய்க்கு மேலே கோணல் தொப்பி, கையில் யாரையோ அடிக்க ஓங்கிய குடை. மூலையில் அவள் புருஷன் வில்ஃப் ஏப்ரன் கட்டிக்கொண்டு, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பில் எதையோ கருக்கிக்கொண்டிருந்தான். மேலே கொட்டை எழுத்தில் 'காட்டுக்கத்தல் கூட்டம்' என்று தலைப்பு. தெர்சாவிடம் குடையே கிடையாது. எங்களைப் போல அவளும் மழைக்குச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறவள்தான். வில்ஃப் எதையும் கருக்கியதில்லை. அவன் செய்கிற உருளைக்கிழங்கு அடையைச் சாப்பிட்டுவிட்டு என் புருஷன் சமைத்ததைச் சாப்பிட எனக்கு அழுகை வரும்.

நானும் தெர்சாவும் ஒரே தறிக்கூடத்தில் நெய்தவர்கள். அவளுடைய நாலு தறிக்கு எதிரே என்னுடைய நாலு தறி. பத்து வயதில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் ஆலை என்று ஆரம்பித்தவள் அவள். எனக்கும் அதே கதைதான். எண்ணூறு தறி ஓடுகிற கூடத்தில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் சத்தத்தை விட்டுவிட்டோம். உதட்டால் பேசுவோம். முகம் முழுக்க இழுத்து, வாயை நன்றாக விரித்து, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் வடித்துக் காட்டுவோம். மீமா என்று அதற்குப் பெயர். யார் வீட்டில் பிரசவம், எந்த மேஸ்திரி எவளிடம் பல்லிளித்தான், எல்லாம் நாற்பது தறி தாண்டிப் போய்ச் சேரும். ஆலைக்கு வெளியே வந்தாலும் பழக்கம் விடாது. தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு சத்தமும் இல்லாமல் அரை மணி நேரம் பேசுவோம். ஆம்பளைகளும் நெய்கிறவர்கள்தான், அவர்களுக்கும் வரும். ஹெல்டனில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட உதடு படிக்கத் தெரியும்.

தெரியாதவன் ஃபென்விக். லண்டனிலிருந்து வந்து ஹெரால்டுக்கு ஆசிரியராக உட்கார்ந்தவன். ஆறு வருஷம் எங்கள் ஊரில் இருந்து, பணக்காரர்களின் மேட்டுத்தெருவை விட்டு எங்கள் தெருக்களுக்குள் இறங்காதவன்.

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு மனுவில் கையெழுத்து வாங்க தெர்சா வீடு வீடாக ஏறி இறங்கிய காலம் அது. சனிக்கிழமை மதியம் ஆலைச் சங்கு ஊதியதும் கால் வயிறு கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்புவாள். ஒரு ஜன்னலை உடைத்ததில்லை, ஒரு போலீஸ்காரனைத் தொட்டதில்லை. சந்தைத் திடலில் நிலக்கரி வண்டி மேல் ஏறிப் பேசுவாள், அவ்வளவுதான். அன்றைக்கு டிராம் ஒன்று மணி அடித்துக்கொண்டு திடலைக் கடந்தது. அது போகிற வரை தெர்சா சத்தத்தை நிறுத்திவிட்டு, பின்னால் நின்ற எங்களிடம் மீமாவில் பேச்சைத் தொடர்ந்தாள். நாங்களும் மீமாவில் பதில் சொன்னோம். அதைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் ஃபென்விக் எழுதினான். 'பேய் பிடித்தவர்கள் போல இப்பெண்கள் முகத்தைக் கோணுகிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை கிழிந்து, இறுதியில் சத்தமே வராமல் வாய் மட்டும் அசைகிறது' என்று. அச்சில் இருக்கிறது, என்னிடம் அந்தத் தாள் இன்னும் உண்டு.

படம் வந்த மறுநாள் தெர்சா நேராக ஹெரால்டு ஆபீசுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஃபென்விக்கின் மேஜைக்கு முன்னால் நின்று அவள் வாயைத் திறந்தாள்.

"எண்ணிப் பாருங்கய்யா. மூணுதான்னா நான் ஒத்துக்கிறேன்."

அவன் எண்ணவில்லை. ஆனால் அங்கிருந்த குமாஸ்தாக்கள் எண்ணினார்கள். ஒருத்தன் முப்பத்திரண்டு என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஃபென்விக்கின் காது மட்டும் சிவந்து போனது. அந்தச் சிவப்பை நான் அன்றைக்கு ரசித்தேன். அது எங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று தெரிந்திருந்தால் ரசித்திருக்க மாட்டேன்.

தெர்சாவுக்கு ஒரே மகள். லெட்டி என்று பெயர். நாலு வயது. அம்மா ஆலையிலிருந்து வருகிற நேரம் வாசலில் நின்று, தெருக்கோடியில் தெர்சா தலை தெரிந்ததும் மீமாவில் 'எனக்கு என்ன கொண்டு வந்தே' என்று கேட்கும். 1909 நவம்பரில் அதற்குத் தொண்டை அடைப்பான் கண்டது. தெர்சா தறியை விட்டாள், மனுவை விட்டாள், பதினோரு நாள் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசி மூன்று நாள் லெட்டிக்குக் குரலே வரவில்லை. உதட்டால்தான் பேசியது. தெர்சா படித்துப் படித்துப் பதில் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில், தெர்சாவின் மடியில், லெட்டி இறந்தது. நான் அங்கே இருந்தேன். கொதிக்கிற கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தது நான்தான்.

புதன்கிழமை வில்ஃப் ஹெரால்டு ஆபீசில் போய் மரண அறிவிப்புக் கொடுத்தான். வியாழன் அடக்கம். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையின் நாலாம் பக்கத்தில் அறிவிப்பு சரியாக வந்தது. பெயர், வயது, செவ்வாய்க்கிழமை காலை, எல்லாம் சரி.

சனிக்கிழமை எங்கள் கூட்டம். மூன்று வாரத்துக்கு முன்பே தெர்சா பெயர் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். அவள் வரவில்லை; எப்படி வருவாள்? அவளுக்குப் பதில் நான் ஏறினேன். துக்கத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, ஏழு நிமிஷம் உளறிவிட்டு இறங்கினேன். தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். ஹெரால்டிலிருந்து ஒருவனும் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் வந்தது: 'மகள் மரணப் படுக்கையில், தாய் மேடையில்.' சனிக்கிழமை மாலை தெர்சா ஆர்மராடின் குரல் மண்டபத்தை அதிரவைத்த அதே நேரத்தில், அவளுடைய நாலு வயதுக் குழந்தை அம்மா அம்மா என்று கூப்பிட்டுத் தனியாகச் செத்ததாம். ஓட்டு கேட்கிற பெண்களின் இல்லற லட்சணம் இதுதானாம். நோட்டீசைப் பார்த்து அவள் பெயரை எடுத்துக்கொண்டான், செவ்வாயைச் சனிக்கு நகர்த்திக்கொண்டான். மிச்சத்தை அவன் பேனாவே எழுதிக்கொண்டது.

தொண்ணூறு பேருக்கு உண்மை தெரியும். ஹெரால்டு ஆறாயிரம் பிரதி போகும். ஞாயிறு பள்ளியில் தெர்சா நடத்திய வகுப்பை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். இறைச்சிக் கடையில் ஒரு பெண் அவள் சால்வையில் துப்பினாள். கதவில் யாரோ சாக்கட்டியால் 'கொலைகாரி' என்று எழுதினார்கள். வில்ஃப் அதைத் துடைத்துவிட்டு உள்ளே போனவன் அப்புறம் புறாப் பந்தயத்துக்குக்கூட வெளியே வரவில்லை. எங்கள் கூடத்திலேயே, எங்கள் ஆட்களிலேயே, 'நெருப்பில்லாமலா புகையும்' என்று மீமாவில் பேசினவள்கள் இரண்டு பேர். அவர்கள் பெயரை நான் மறக்கவில்லை. இன்றைக்கும் அவர்களுக்கு என் வீட்டில் டீ கிடையாது.

தெர்சா மறுபடி ஹெரால்டுக்குப் போனாள். இந்த முறை ஃபென்விக் உட்காரச் சொன்னானாம். கடிதம் எழுதிக் கொடு, இடமிருந்தால் பார்க்கலாம் என்றானாம். எழுதினாள். இடமில்லை. மறுபடி எழுதினாள். அந்த வாரம் சோப்பு விளம்பரம் அதிகமாம்.

அப்போதுதான் ஒரு நாள் தறிக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் அழுகை இல்லை.

"நான் அவ பக்கத்துலதான் இருந்தேன்னு அவன் சொல்லணும், சாரா எலன். நான் சொல்லி ஆகாது, நீ சொல்லி ஆகாது. அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன்."

எப்படி என்று கேட்டேன். ஜனவரி தேர்தல் வரட்டும் என்றாள்.

தேர்தலுக்கு பெல்ஹாம் என்று ஒரு வக்கீல் வேட்பாளராக வந்தார். அவரும் லண்டன்காரர். ஆலை முதலாளிகளும் ஹெரால்டும் அவர் பக்கம். சனிக்கிழமை மதியம் தொழிலாளர் கல்வி மண்டபத்தில் கூட்டம். மேடையில் பெல்ஹாமும், பக்கத்து நாற்காலியில் ஃபென்விக்கும். கீழே ஐந்நூறு ஆம்பளைகள், எல்லாம் ஓட்டுள்ள நெசவாளிகள். பெண்களுக்கு மாடத்தில் மட்டும் இடம். அதுவும் வாயே திறக்க மாட்டோம் என்று வாசலில் வாக்குக் கொடுத்தால்தான். தெர்சா வாக்குக் கொடுத்தாள். வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள்.

மாடத்தின் முன் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே, கறுப்பு உடையில் உட்கார்ந்தாள். லெட்டியின் சின்ன மரச்செருப்பு இரண்டையும் கைப்பிடிச் சுவர் மேல் ஜோடியாக வைத்தாள். கூட்டத்துக்கு வாசித்த பேண்டு கோஷ்டியின் தலைவன் ஜெத்ரோ, தெர்சாவின் தம்பி. அவனிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: என் கைக்குட்டை மடியில் இருக்கிற வரைக்கும் வாசி, மூச்சு போனாலும் நிறுத்தாதே.

ஜெத்ரோ அன்றைக்கு வாசித்த வாசிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்தில் இருப்பவள் தும்மினாலும் கேட்காது. எங்களுக்கு அது ஆலைக்குள் இருப்பது மாதிரியே இருந்தது. மண்டபத்தில் அறுநூறு ஜோடிக் கண்கள். பொழுது போகாமல் அத்தனையும் மேடையில் இருக்கிற இரண்டு பேரின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது எங்கள் ஊர்ப் பழக்கம், சத்தம் வந்தால் கண் தானாக உதட்டுக்குப் போகும்.

பெல்ஹாம் செருப்பைப் பார்த்துவிட்டார். ஃபென்விக் பக்கம் சாய்ந்தார்.

"யாரு அந்தக் கறுப்பு டிரெஸ்? முன்னாடி என்ன, கொழந்த செருப்பா?"

"அவதான் சார், அந்த ஆர்மராட். கொழந்தய சாக விட்டுட்டு மேடை ஏறினான்னு போட்டோமே."

"நெஜமாவே ஏறினாளா?"

ஃபென்விக் சிரித்தான். பல் தெரிய, நன்றாக வாயை விரித்துச் சிரித்தான். பேண்டு சத்தத்தை மீறி பெல்ஹாமுக்குக் கேட்க வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி அழுத்திச் சொன்னான். எங்கள் பிள்ளைகளுக்கு மீமா சொல்லிக் கொடுக்கும்போதுகூட நாங்கள் அவ்வளவு சுத்தமாகச் சொல்வதில்லை.

"எங்க ஏறினா? அது செத்தது செவ்வாய்க்கெழம. அவ வீட்டுலதான் கெடந்தா. நான்தான் நாலு நாள் தள்ளி வச்சேன். எங்க பத்திரிகைலயே நாலாம் பக்கத்துல சரியான கெழமை வந்திருக்குன்னு குமாஸ்தா வந்து மொனகினான். எவன் சார் அதெல்லாம் படிக்கிறான்? இந்த ஊர்க்காரனுங்களுக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது."

தெர்சா கைக்குட்டையை மடியிலிருந்து எடுத்தாள். ஜெத்ரோ பாட்டின் நடுவில் நிறுத்தினான்.

ஒருத்தரும் கத்தவில்லை. மேடை தெரியாத பின் வரிசைக்கு முன் வரிசை திரும்பிச் சொன்னது. மாடம் கீழே சொன்னது, கீழே இருந்தவர்கள் மாடத்துக்குத் திருப்பிச் சொன்னார்கள். துளிச் சத்தம் இல்லாத மண்டபத்தில் அறுநூறு வாய் ஒரே சொல்லை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது: செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, நெருப்பில்லாமல் புகையாது என்று சொன்னவள்களில் ஒருத்தி, அவள் வாயும் அதையே சொன்னது. எனக்கு முதுகு சிலிர்த்தது. சந்தோஷத்தில்தான் சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

ஃபென்விக் இங்கும் அங்கும் பார்த்தான். மேடை ஓரத்தில் நின்ற ஆமோஸிடம், அவர் எங்கள் கூடத்து மேஸ்திரி, இவங்க எதுக்கு இப்படி மூஞ்சியக் கோணுறாங்க என்று கேட்டான். ஆமோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"நீங்க இப்ப சொன்னதத்தாங்கய்யா திருப்பிச் சொல்றாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாங்க."

பெல்ஹாம் தன் நாற்காலியை ஃபென்விக்கிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தேர்தலில் அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. எங்களுக்கு ஓட்டு இல்லை. எங்கள் ஆம்பளைகளுக்கு இருந்தது, அவர்கள் எங்கள் வயிற்றெரிச்சலையும் சேர்த்தே போட்டுவிட்டு வந்தார்கள்.

ஃபென்விக் லேசில் மசியவில்லை. ஆனால் நாங்கள் அவனை விடவும் இல்லை. கூட்டுறவுக் கடை விளம்பரத்தை நிறுத்தியது. ஹெரால்டு விற்கிறவர்கள் கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். அவன் தெருவில் இறங்கினால் போதும். ரொட்டிக்கடைக்காரி, டிராமில் எதிரே உட்கார்ந்தவள், சவரம் செய்ய வந்தவன், வாசல்படி கழுவுகிறவள், யாரும் ஒரு சொல் திட்டவில்லை. அவனைப் பார்த்ததும் வாயை விரித்து, சத்தமில்லாமல், செவ்வாய்க்கிழமை என்பார்கள். போலீசிடம் என்னவென்று புகார் கொடுப்பான்? வாயை அசைத்தார்கள் என்றா? நான் வேண்டுமென்றே அவன் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ஆலைக்குப் போவேன். மூன்று வாரத்தில் அவன் இளைத்துப் போனான். கொஞ்சம் இளைத்தது போதாது என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் ஆள் அனுப்பினான். நாலாம் பக்கத்தில் சின்னதாக வருத்தம் தெரிவித்துவிடுகிறானாம். தெர்சா, முதல் பக்கத்தில் அதே இடம், அதே எழுத்து என்றாள். அதற்கு முன்னால் தறிக்கூடத்துக்கு வந்து நேரில் சொல்ல வேண்டும், தறி ஓடும்போது வர வேண்டும் என்றாள். ஆலை முதலாளிக்கும் இந்தத் தொல்லை முடிந்தால் போதும் என்றிருந்தது. அவரே அவனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டு நழுவினார்.

எண்ணூறு தறிச் சத்தத்துக்குள் ஃபென்விக் முதல் முறையாகக் கால் வைத்தான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். பஞ்சுத் தூசியில் இருமினான். தெர்சாவின் தறிக்கு முன்னால் வந்து நின்று ஏதோ கத்தினான். அவள் தலையை ஆட்டினாள், கேட்கவில்லை என்று. மறுபடி கத்தினான். மறுபடி ஆட்டினாள். அவள் தன் வாயைத் தொட்டு, விரித்துக் காட்டினாள். இப்படிச் சொல்லு.

அவன் விரித்தான். கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, வாயை மூலைக்கு மூலை இழுத்து, 'நீ உன் குழந்தையின் பக்கத்தில்தான் இருந்தாய்' என்றான். அவள் இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள். மூன்று முறை சொல்ல வைத்தாள். நாங்கள் தறியிலிருந்து கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நெய்தோம். முன்னால் இரண்டு பல் அவனுக்குச் சொத்தை, அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் தெர்சா மீமாவில் ஒரு கேள்வி கேட்டாள். கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். அவன் விழித்தான். துணியில் குறி போடுகிற சாக்கட்டியை எடுத்து, தறியின் மரச்சட்டத்தில் எழுதினாள்: 'அவள் பெயர் என்ன?'

அவனுக்குத் தெரியவில்லை.

அத்தனை எழுதினானே, அந்தக் குழந்தையின் பெயரை ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. கேட்டுக்கொள்ளவே இல்லை. தெர்சா தன் கேள்விக்குக் கீழே எழுதினாள்: 'நாலாம் பக்கம்.' சாக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, அறுந்த இழையை முடியத் திரும்பிவிட்டாள். அவன் எவ்வளவு நேரம் நின்றான், எப்போது போனான் என்று அவள் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். எண்ணூறு தறியையும் தாண்டி வாசலுக்குப் போகிற வரை பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் வந்தது. லெட்டி ஆர்மராட், நாலு வயது, நவம்பர் மாதம் செவ்வாய்க்கிழமை காலை, தாயின் மடியில் இறந்தாள் என்றும், இதற்கு மாறாக இப்பத்திரிகை எழுதியது பொய் என்றும். தெர்சா அதைக் கத்தரித்து மடித்து, லெட்டியின் மரச்செருப்புக்குள் வைத்தாள். அடக்கத்தன்று அழாதவள், அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதாள். கொலைகாரி என்று எழுதியிருந்த கதவுக்கு வில்ஃப் பச்சை வண்ணம் அடித்தான். ஃபென்விக் வசந்த காலத்துக்குள் மூட்டை கட்டிவிட்டான்.

பழி தீர்த்தால் மனசு வெறுமையாகிவிடும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. தெர்சாவிடம் கேட்டேன், அவளுக்கும் ஆகவில்லை. லெட்டி இல்லாத வெறுமை வேறு, அது அப்படியேதான் இருந்தது. அதன் மேல் அவன் கொட்டிய குப்பையை அவனே வாரிக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

1918 டிசம்பரில், முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு முதல் முறையாக ஓட்டு வந்தபோது, நானும் அவளும் ஒரே வரிசையில் நின்று போட்டோம். வெளியே வந்ததும் ஹெரால்டிலிருந்து ஒரு புது ஆள், நோட்டும் பென்சிலுமாக அவளிடம் ஓடி வந்தான். இத்தனை வருஷம் போராடினீர்களே அம்மா, எங்கள் பத்திரிகைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான்.

தெர்சா வாயை நன்றாக விரித்து, சத்தமில்லாமல், ஒரு வார்த்தை இல்லை, ஏழெட்டு வார்த்தை சொன்னாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் படித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் எழுத்தில் போட முடியாத வார்த்தைகள் அவை.

வெள்ளிக்கிழமை ஹெரால்டில் வந்தது: 'திருமதி ஆர்மராட் ஆனந்தத்தில் வாயடைத்துப் போனார்.'